கிளை மூடப்படுகிறது: ராஜினாமா கொடுக்கத்தான் வேண்டுமா?

வாசகியின் கடிதம்

தமிழ்நாட்டின் பெரிய நகரம் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். வீடு, மனை வாங்கி விற்பதற்குத் தரகு செய்யும் நிறுவனத்தின் கிளையில் 6 ஆண்டு 8 மாதமாகப் பணியாற்றுகிறார். பதவியின் பெயர் ‘உதவி மேலாளர்’. வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதும், விற்பனை உடன்படிக்கை தயாரிப்பதும், பதிவு நாளன்று வாடிக்கையாளருடன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதும் இவருடைய வேலை. மாதச் சம்பளம் 52,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியம் 20,800 ரூபாய். பதிவாகும் விற்பனைகளுக்கு ஊக்கத்தொகை தனி.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு காணொளிக் கூட்டத்தில், நஷ்டத்தாலும் கட்டடக் குத்தகை முடிவதாலும் இந்த மாத இறுதியில் கிளை மூடப்படும் என்று நிர்வாகம் அறிவித்திருக்கிறது. 14 பேருக்கு வேலை போகிறது. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று வெள்ளிக்கிழமைக்குள் மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு மாதச் சம்பளமும், ‘மனிதாபிமான அடிப்படையில்’ பணிக்கொடையும், அனுபவச் சான்றிதழும் தருவதாக மனிதவளப் பிரிவு சொல்கிறது. ‘இல்லையென்றால் ஹைதராபாத் கிளைக்குப் போங்கள்’ என்பது தொலைபேசியில் சொல்லப்பட்ட மாற்று வழி. மூன்று விற்பனைகளுக்கான ஊக்கத்தொகை நிலுவையில் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கில் கடைசி நான்கு மாதத் தொகை ஏறவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் கொடுத்த முன்பணத்துக்கான ரசீதுகளில் இவருடைய கையெழுத்து இருக்கிறது. கணவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. ‘நஷ்டத்தில் மூடும் தனியார் கம்பெனியிடம் நான் என்ன கேட்க முடியும்? மேனேஜர் பதவியில் இருப்பவருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாதாமே?’ என்று கேட்டிருக்கிறார்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். அந்த மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். இந்தப் பதிலில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், விலகும் தேதி வருமுன் அதைத் திரும்பப் பெறுவதாக இன்றே எழுதுங்கள். ‘கிளை மூடப்படுவதாகச் சொல்லிக் கேட்டதால் எழுதினேன், என் விருப்பத்தால் எழுதவில்லை’ என்ற வரி அதில் இருக்கட்டும்.

நிறுவனம் இந்த ஒரு வரிக்காக ஏன் இத்தனை மெனக்கெடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கிளையை மூடியதால் வேலை போனால், உங்களுக்கு இழப்பீடு தரும் கடமை அவர்களுக்கு இருக்கிறது. சொந்தக் காரணத்தால் நீங்களே விலகினால் அந்தக் கடமை மறைந்துவிடுகிறது. அதற்கு ஈடாக அவர்கள் நீட்டும் மூன்றையும் பாருங்கள். பணிக்கொடை, ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்த எவருக்கும் சட்டப்படி சேர வேண்டியது. விலகினாலும் விலக்கினாலும், மேலாளரானாலும் உதவியாளரானாலும் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதச் சம்பளம், முன்னறிவிப்பு இல்லாமல் அனுப்பினால் எப்படியும் தர வேண்டிய தொகை. அனுபவச் சான்றிதழ் நீங்கள் வேலை செய்ததற்கான சாட்சியம். உங்களுடைய பொருளை உங்களுக்கே பரிசாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். இதற்கு மனிதாபிமானம் என்று பெயர் வைத்திருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

நஷ்டம் என்றால் இழப்பீடு கிடையாதா?

உண்டு. பலரும் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் விஷயம் இது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இருந்த இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இருக்கிறது. நிறுவனத்தையோ அதன் ஒரு பகுதியையோ நிரந்தரமாக மூடினால், ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குத் தருவதைப் போலவே ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய தவிர்க்க முடியாத சூழ்நிலையில் மூடினால் மட்டும் அந்த இழப்பீட்டுக்கு மூன்று மாத ஊதியம் என்ற உச்சவரம்பு உண்டு. அப்போதும் இழப்பீடு இல்லாமல் போவதில்லை. நஷ்டம் உள்ளிட்ட நிதி நெருக்கடியையும் குத்தகைக் காலம் முடிவதையும் தவிர்க்க முடியாத சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே விளக்கமாகச் சொல்கிறது. உங்கள் நிர்வாகம் காணொளியில் சொன்ன இரண்டு காரணங்களும் அந்த விளக்கத்தில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கூட்டத்தின் அழைப்பையும், பின்னர் வந்த செய்திகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

‘உதவி மேலாளர்’ என்ற பெயர்

இந்த இழப்பீடு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். நிறுவனம் உங்களை மடக்கப் பார்க்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கின்றன.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், ஏதோ புகார் போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பெயருக்குத்தான் மேனேஜர், என் கீழ் இருக்கும் ஒரே பையனுக்கு லீவு கொடுக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது, எல்லாம் தலைமை அலுவலகம்தான்.’ உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த வரிதான். யாரையும் சேர்க்கவோ நீக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. வில்லங்கம் பார்த்து, பத்திரம் தயாரித்து, பதிவுக்கு அலைந்தீர்கள். இவை எழுத்தர் வேலையும் தொழில்நுட்ப வேலையும் சேர்ந்தவை. இப்படிப்பட்ட வேலைக்குச் சம்பள வரம்பு எதுவும் இல்லை. விடுப்பு விண்ணப்பம் ஒவ்வொன்றும் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்குப் போன மின்னஞ்சல்கள் இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயம் வெல்வீர்கள் என்று நான் சொல்லவில்லை. வீடு காட்டி வாங்குபவரைச் சம்மதிக்க வைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட உங்கள் சக ஊழியர்களுக்கு இந்த வாதம் இன்னும் கடினமானது. விற்பனைப் பிரதிநிதிகள் தொழிலாளர் ஆவார்களா என்பதில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அவர்களுக்கு எதிராகவே சொல்லியிருக்கின்றன. உங்கள் பணி ஆவணங்களோடு என்பதால் நிலைமை மேல்.

ஒருவேளை இந்த வாதம் எடுபடாமல் போனாலும் உங்கள் கை வெறுமையாகிவிடாது. பணிக்கொடைக்கும், வைப்பு நிதிக்கும், சம்பள பாக்கிக்கும் இந்த வரையறை தேவையில்லை. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். இது மேலாளர்களுக்கும் பொருந்தும். ‘கணக்கு முடிக்க 45 நாள் ஆகும்’ என்பது நிறுவனங்களின் பழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கணக்கு எவ்வளவு வரும்?

6 ஆண்டு 8 மாதம் என்பது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால், 7 ஆண்டாகிறது. பணிக்கொடை என்பது கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கிய தொகை. உங்கள் நிறுவனம் அடிப்படை ஊதியமான 20,800-ஐ வைத்து 84,000 ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறது. புதிய தொகுப்புகளில் ஊதியத்தின் வரையறை மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, கமிஷன் போன்று ஊதியக் கணக்கில் சேராத விலக்குகள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். அதாவது 52,000-க்குக் குறைந்தது 26,000 ரூபாயை ஊதியமாகக் கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் பணிக்கொடை 1,05,000 ரூபாய். உங்கள் சம்பளச் சீட்டில் ‘சிறப்புப் படி’ என்று ஒரு தொகை இருக்கிறதே, அது விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மூடல் இழப்பீடு, அதே 26,000-ஐ வைத்துப் பார்த்தாலும், அரை மாதத்துக்கு 13,000 வீதம் 7 ஆண்டுக்கு 91,000 ரூபாய். வெள்ளிக்கிழமை மின்னஞ்சலின் விலை இதுதான். இதோடு ஒரு மாத முன்னறிவிப்புச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், ஊக்கத்தொகை பாக்கி ஆகியவை உண்டு.

ஊக்கத்தொகையில் மூன்று விற்பனைகளையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். இரண்டு பத்திரங்கள் பதிவாகிவிட்டன, நிறுவனம் தரகுத் தொகையையும் வாங்கிவிட்டது. அவை உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. அதில் பேரம் பேசவே இடமில்லை. மூன்றாவது, உடன்படிக்கையோடு நிற்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே முகவருக்குத் தரகு சேரும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவு. அதனால் நிறுவனத்துக்கே அந்தப் பணம் இன்னும் வந்திருக்காது. உங்கள் ஊக்கத்தொகைக் கடிதத்தில் ‘பதிவின்போது பணியில் இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பதிவு நடக்கும் நாளில் இந்தத் தொகை சேரும் என்று இறுதிக் கணக்குத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

வைப்பு நிதிக்கு ஒரு வார்த்தை போதும். சம்பளத்தில் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பது குற்றம். நான்கு மாதச் சம்பளச் சீட்டுகளையும் பாஸ்புக் நகலையும் இணைத்து வைப்பு நிதி அலுவலகத்தின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் உடனே புகார் பதியுங்கள்.

உங்கள் கையெழுத்துள்ள ரசீதுகள்

உங்களைத் தூங்கவிடாத விஷயம் இது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ரசீதுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவதில் பணம் நேராக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது. ரசீது நிறுவனத்தின் தாளில், ‘நிறுவனத்துக்காக’ என்ற வரியின் கீழ் உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. இன்னாருக்காகச் செயல்படுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்த முகவர், மாறான உடன்பாடு இல்லாதவரை, அந்த ஒப்பந்தத்துக்குத் தானே பொறுப்பாக மாட்டார் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு. இதைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது அப்படியல்ல. நிறுவனத்தின் கணக்கில் அன்று கோளாறு என்று கிளைத் தலைவர் சொன்னதால் ஒரு லட்சம் ரூபாய் உங்கள் சொந்த கைப்பேசி எண்ணுக்கு வந்து, மறுநாள் நீங்கள் அதை நிறுவனக் கணக்குக்கு மாற்றியிருக்கிறீர்கள். உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் காவல் நிலையத்தில் புகார் என்று ஒன்று போனால், பணம் முதலில் நின்ற இடம் உங்கள் கணக்கு என்பதுதான் முதலில் கண்ணில் படும். பணம் வந்ததும் போனதும் ஒரே பக்கத்தில் தெரியும் வங்கி அறிக்கையை எடுத்து, கிளைத் தலைவரின் வாட்ஸ்அப் செய்தியையும் சேர்த்து, ‘இந்தத் தேதியில் இந்தத் தொகையை நிறுவனக் கணக்கில் செலுத்திவிட்டேன், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு, ஒப்புகை அனுப்புங்கள்’ என்று நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அலுவலக மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள் என்பதால் இதை இந்த வாரமே செய்ய வேண்டும்.

வாடிக்கையாளர் உங்களைத்தான் கூப்பிடுவார். பாவம், அவருக்குத் தெரிந்த முகம் உங்களுடையது. கைப்பேசியை அணைத்து வைக்காதீர்கள். பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, யாருக்கு எழுத வேண்டும், ‘ரெரா’ எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் தரகர் மீதும் புகார் தரலாம் என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லுங்கள். ஆனால் ‘நான் பார்த்துத் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புதிய தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பரிதாபப்பட்டுச் சொந்தக் காசோலை ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டால், உங்களுடையதல்லாத கடன் அன்றோடு உங்களுடையதாகிவிடும்.

கணவரிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். முன்பணம் கேட்டு யாரோ வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அவர் முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது. வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒரு தவணைகூடத் தவறாத நிலையில் இருவரும் வங்கிக்குப் போய் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்பதற்கும், இரண்டு தவணை தவறிய பிறகு போவதற்கும் மிகுந்த வித்தியாசம் இருக்கிறது.

ஹைதராபாத்தும் அடுத்த 30 நாளும்

இடமாற்றம் பற்றித் தொலைபேசியில் ‘முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். வேலை நியமனக் கடிதத்தில் இடமாற்றப் பிரிவு இருந்து, நீங்கள் மறுத்ததாகவும் பதிவானால், ‘வேலை கொடுத்தோம், அவர்தான் வரவில்லை’ என்று கதை மாறும். ‘சம்பளம், பொறுப்பு, சேர வேண்டிய தேதி ஆகியவற்றோடு எழுத்தில் தாருங்கள், பரிசீலிக்கிறேன்’ என்று ஒரே வரியில் பதில் அனுப்புங்கள். எழுத்தில் வராது என்பது என் கணிப்பு.

அதன்பின் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபமில்லாமல், மேலே சொன்ன கணக்கை வரிசையாகக் கேட்டு, இணக்கமாகப் பேசி முடிக்கத் தயார் என்றும் சொல்லி எழுதுங்கள். இறுதிக் கணக்குத் தாளில் தொகை காலியாக இருந்தால் கையெழுத்து வேண்டாம். குறைந்த தொகையை வாங்க வேண்டிய நெருக்கடி வந்தால், ‘எஞ்சிய தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அவர்கள் அசையாவிட்டால் இரண்டு கதவுகள் உண்டு. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுப்பது ஒன்று. அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. 45 நாளில் முடிவு வராவிட்டால் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இன்னொன்று, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிர்வாகப் பதவியினருக்கு இதிலும் விலக்கு உண்டு. மேல்முறையீட்டுக்கு, நீக்கல் உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான். கிளை உண்மையாகவே மூடப்படும்போது அதை நியாயமான காரணமாகவே ஏற்க வாய்ப்பு அதிகம். ஆகவே போன வேலை திரும்பக் கிடைக்கும் என்று நினைத்து இந்தக் கதவைத் தட்ட வேண்டாம். உங்கள் நிலையில் நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன். பேச்சுவார்த்தை இழுத்தடிக்கப்பட்டாலும் 30 நாள் கணக்கை மறக்காமல், அதற்குள் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பைக் காட்டிவிடுங்கள்.

‘தொழிலாளர் அலுவலகம் போனால் இந்தத் துறையில் யாரும் வேலை தரமாட்டார்கள்’ என்ற பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தரகுத் தொழில் ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய வட்டம். அதனால்தான் முதல் படியாகக் கடிதத்தைச் சொன்னேன். கணக்குக் கேட்டு எழுதும் கடிதத்தால் யாருக்கும் கெட்ட பெயர் வந்துவிடாது. இழப்பீட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நல்ல அனுபவச் சான்றிதழும் உடனடிப் பணமும் வாங்கிக்கொண்டு முடித்தாலும் அதில் தவறில்லை. எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள், அவ்வளவுதான்.

உங்களோடு வேலை இழக்கும் தொலைபேசிப் பிரிவுப் பெண்கள் மூவரைப் பற்றி அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளம் என்பதால் அவர்களுக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் மாநிலக் காப்பீட்டுத் திட்டம் இருக்கும். வேலை இழந்தவர்களுக்குச் சராசரி தினசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை தரும் அடல் பீமித் திட்டம் அதில் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால் தகுதியையும் கடைசித் தேதியையும் காப்பீட்டுக் கிளை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் 4 ஆண்டு 9 மாதம் முடித்தவரிடம் ‘ஐந்தாண்டு ஆகவில்லை, பணிக்கொடை இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கடைசியாக, தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம். ‘விலகிய பின் இரண்டு ஆண்டு வேறெந்தத் தரகு நிறுவனத்திலும் வேலை செய்யவோ சொந்தமாக நடத்தவோ கூடாது’ என்று நியமனக் கடிதத்தில் இருக்கும் வரி உங்களைத் தடுக்காது. வேலையை விட்ட பிறகும் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். வலுவாக இருக்கும் உங்கள் வழக்கில் அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். ரெராவில் பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்க உங்கள் பெயரில் தனிப் பதிவு வேண்டும், நிறுவனத்தின் பதிவு உங்களோடு வராது. தனி வீட்டின் மறுவிற்பனைக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அதிலிருந்து தொடங்கலாம். பதிவு எண் கைக்கு வருமுன் பதிவான திட்டம் எதிலும் தரகு செய்யாதீர்கள். மீறினால் அபராதம் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் ஏறும்.